துணிவு பாதி, கணக்கு பாதி

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

விமானம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, நூற்றுக்கணக்கானவரைச் சுமந்து செல்லும் பெரிய விமானந்தான். அதில் ஏறியவர் சன்னலோரம் அமர்ந்து மேகங்களைப் பார்க்கலாம், காப்பி அருந்தலாம், உறங்கியும் விடலாம். போகும் வழியைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேரோ நான்கு பேரோ மட்டும் அமரக்கூடிய, ஒரே என்ஜின் பூட்டிய, நாம் சாலையில் பார்க்கும் கார்கள் பலவற்றைவிட எடை குறைந்த சிறு விமானங்களும் உலகில் உண்டு. அவற்றைத் தாமே ஓட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊரும், நாடு விட்டு நாடும், கடல் கடந்தும் போய் வருகிறவர்களும் உண்டு.

இத்தகைய பயணங்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: “அடேயப்பா, என்ன துணிச்சல்!” அத்துடன் இன்னொன்றும் சேர்ந்து வந்துவிடும்: “அதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்குச் சரிப்பட்டு வராது.” இவ்விரண்டு பேச்சையும் பற்றித்தான் நாங்கள் இங்கே எழுத விரும்புகிறோம். முதற்பேச்சு பாதி உண்மை. இரண்டாவது பேச்சோ அந்தப் பாதி உண்மையிலிருந்து பிறந்த முழுத் தவறு. சிறு விமானத்தைப் பத்திரமாக ஊர் கொண்டு சேர்ப்பது துணிச்சல் மட்டுமன்று. கணக்கும் பொறுமையும் சேர்ந்தே அதைக் கொண்டு சேர்க்கின்றன. கணக்கும் பொறுமையும் பெண்களுக்கு வராது என்று யாரால் சொல்ல முடியும்? மாதக் கடைசியில் இருக்கும் பணத்தை வைத்து வீட்டை நடத்தும் நம் அன்னையர் அன்றாடம் செய்வது வேறென்ன?

ஒரு விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு, தொலைவிலுள்ள வேறோர் இடத்தில் இறங்கும் பயணத்தை விமானிகள் ‘கிராஸ் கன்ட்ரி’ என்கிறார்கள். விமானம் ஓட்டக் கற்பவர் எவரும் இதிலிருந்து தப்ப முடியாது. தனியார் விமானி உரிமம் பெற விரும்புகிறவர் தன்னந்தனியாக 150 கடல் மைல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர் பறந்து, இடையில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறிக் காட்ட வேண்டும். அதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறவருக்கு இத்தூரம் 300 கடல் மைலாகிறது. பக்கத்தில் ஆசிரியர் இருக்க மாட்டார். வானத்தில் மைல் கற்கள் இல்லை; பெயர்ப் பலகைகள் இல்லை; வழி கேட்கப் பெட்டிக் கடையும் இல்லை. புறப்படும் முன் மேசைமேல் வரைபடத்தை விரித்துப் போட்டுச் செய்த கணக்குத்தான் துணை.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இதைச் செய்ய மேல்படிப்பு வேண்டியதில்லை. நம் பத்தாம் வகுப்புப் பாடமே போதும்.

மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு சிறு விமானம் 540 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 35 லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. காற்றே இல்லையெனில் 3 மணி நேரம்; 105 லிட்டர். எதிர்பாராத தாமதத்துக்காக முக்கால் மணி நேரப் பெட்ரோலும் கையிருப்பாக வேண்டும் என்று வைத்தால், மேலும் 26 லிட்டர். ஆக 131 லிட்டர் ஊற்றிக்கொண்டு புறப்படுகிறோம். ஆனால் மேலே மணிக்கு 36 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசுகிறது. விமானம் காற்றில் 180 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. தரையைப் பொறுத்தவரையில் அதன் வேகம் 144 தான். பயண நேரம் 3 மணி 45 நிமிடம் ஆகிவிடுகிறது. செலவு 131 லிட்டர். கண்ணுக்கெதிரே ஓடுபாதை தெரியும் அந்நேரத்தில் தொட்டியில் ஒரு சொட்டும் இராது! காற்றின் வேகத்தை முன்னரே கேட்டறிந்து, வகுத்துப் பார்த்தவரோ 157 லிட்டர் ஊற்றிக்கொண்டு கவலையின்றி இறங்குவார். இருவருடைய துணிச்சலும் ஒன்றே. வேறுபாடு ஒரு வகுத்தல் கணக்கு.

காற்று எதிரில் வீசாமல் பக்கத்திலிருந்து மணிக்கு 31 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால்? விமானத்தின் மூக்கைச் சரியாக ஊரை நோக்கி வைத்துக்கொண்டே 3 மணி நேரம் பறந்தால், நாம் போய்ச் சேரும் இடம் ஊருக்கு 93 கிலோமீட்டர் அப்பால் இருக்கும். அதற்காக மூக்கைக் காற்று வரும் பக்கம் சற்றே திருப்பி வைக்க வேண்டும். எவ்வளவு? முக்கோணம் வரைந்து சைன் மதிப்பைப் பார்த்தால் 10 பாகை என்று விடை வருகிறது. முக்கோணவியல் எதற்குப் பயன்படப் போகிறது என்று வகுப்பில் பெருமூச்சு விடும் தோழியர் இதைக் கவனிக்கட்டும்.

இன்னும் உண்டு. 200 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 144 கிலோ. அதாவது இரண்டு பெரியவர்களின் எடை. எனவே பெட்ரோல் நிறைய வேண்டுமானால் ஆள் குறைய வேண்டும். ஆள் வேண்டுமானால் மூட்டை குறைய வேண்டும். மூட்டையையும் நினைத்த இடத்தில் வைத்துவிட முடியாது. வாற்பக்கம் எடை மிகுந்தால் விமானத்தின் மூக்கு மேலெழும்பி, விமானி கட்டுப்படுத்த முடியாத நிலை வரலாம். விசையின் திருப்புத்திறன் என்று அறிவியலில் படிக்கிறோமே, அதே கணக்கைப் புறப்படும் முன் போட்டுப் பார்க்கிறார்கள். வெயில் கடுமையாக இருந்தால் காற்று அடர்த்தி குறைகிறது. இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது. ஓடுபாதையில் மேலும் நெடுந்தூரம் ஓடித்தான் எழும்ப முடிகிறது. ஆகவே காலையில் எளிதாகத் தூக்கிய பாரத்தை உச்சிப் பொழுதில் அதே விமானம் தூக்காமலும் போகலாம்.

இப்படியெல்லாம் கணக்கிட்டுப் பயணம் செய்து காட்டியவர்களுள் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஜெரி மாக். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்தவர். மூன்று குழந்தைகளின் தாய். பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படிக்கச் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே 1945-இல் மணம் செய்துகொண்டவர். அவர் விமானி உரிமம் பெற்றது 1958-இல். வீட்டு வேலை அலுத்துவிட்டது என்று அவர் ஒருநாள் சொன்னபோது, “அப்படியானால் உலகத்தைச் சுற்றி வா” என்று கணவர் வேடிக்கையாகச் சொன்னாராம். வேடிக்கையாகச் சொன்னதை அம்மையார் வினையாகவே எடுத்துக்கொண்டார்.

அதற்குமுன் 1937-இல் அமேலியா இயர்ஹார்ட் என்னும் புகழ்பெற்ற பெண் விமானி உலகைச் சுற்றப் புறப்பட்டு, பசிபிக் பெருங்கடலில் வழித்துணைவருடன் காணாமற்போனார். அதன் பின் 27 ஆண்டுகளாக எந்தப் பெண்ணும் தனியே உலகைச் சுற்றி முடித்திருக்கவில்லை. ஜெரி மாக் வைத்திருந்ததோ 1953-இல் செய்யப்பட்ட, பதினொரு ஆண்டுப் பழைய, ஒரே என்ஜின் கொண்ட செஸ்னா 180 விமானம். பயணியர் இருக்கைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெட்ரோல் தொட்டிகளைப் பொருத்தினார்கள். வரைபடங்கள் சேர்ப்பதும், ஒவ்வொரு நாட்டிடமும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவதும், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று விசாரிப்பதுமாக ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. 1964 மார்ச் 19-ஆம் நாள் கொலம்பஸ் நகரிலிருந்து அவர் புறப்பட்டபோது பார்த்தவர்கள் கண்டது ஒரு நாள் துணிச்சல். பின்னால் இருந்தது ஓராண்டு உழைப்பு.

அவர் அறியாமலே அது ஒரு போட்டியாகவும் ஆகிவிட்டது. ஜோன் மெரியம் ஸ்மித் என்னும் மற்றொரு பெண்மணி, இரண்டு என்ஜின் கொண்ட விமானத்தில், இரண்டு நாள் முன்னதாகவே, மார்ச் 17 அன்று வேறு வழியில் உலகைச் சுற்றப் புறப்பட்டிருந்தார். இருவருள் முந்துபவர் யார் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. இந்நிலையில் ஜெரி மாக் முதல் தங்கலான பெர்முடாத் தீவிலேயே மாட்டிக்கொண்டார். அட்லாண்டிக் கடல்மேல் வானிலை மோசம். போட்டியாளர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். சீக்கிரம் கிளம்பு என்று வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. அவர் என்ன செய்தார்? ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருந்தார்! எங்களைக் கேட்டால், அம்மையாரின் பயணத்தில் மிகத் துணிச்சலான செயல் இதுதான் என்போம். பறப்பதற்கு வேண்டிய துணிவைவிட, எல்லாரும் “போ, போ” என்று துரத்தும்போது “இன்று போகக்கூடாது” என்று உட்கார்ந்திருப்பதற்கு வேண்டிய துணிவு பெரிது.

காத்திருந்து கிளம்பிய பின்னும் வழி எளிதாக இல்லை. அட்லாண்டிக்மேல் மேகத்துக்குள் பறந்தபோது இறக்கையில் பனிக்கட்டி படியத் தொடங்கிற்று. பனிக்கட்டி இறக்கையின் வடிவத்தைக் கெடுத்து, எடையையும் கூட்டிவிடும். உயரம் கூட்ட அனுமதி கேட்டுப் பெற்று, மேகத்தின்மேல் ஏறித் தப்பினார். லிபியாவிலிருந்து எகிப்துக்குச் செல்லும்போது பாலைவனத்தின்மேல் விமானத்துக்குள் ஏதோ கருகும் நாற்றம் வந்தது. நெடுந்தொலைவு வானொலியின் கம்பியை நீட்டிச் சுருக்கும் சிறு மோட்டார்தான் கருகிக்கொண்டிருந்தது. அதன் அருகே பெட்ரோல் தொட்டி! பதறி எதையாவது இழுக்காமல், எந்தக் கருவி என்று கண்டுபிடித்து அதன் விசையை மட்டும் நிறுத்தினார். கெய்ரோ விமான நிலையம் என்று எண்ணி இராணுவத் தளம் ஒன்றில் இறங்கிவிட்டதும் உண்டு. சிப்பாய்கள் சூழ்ந்துகொண்டனர், விளக்கம் சொல்லி, சில மணி நேரத்துக்குப் பின் விடைபெற்றார். தவறு நேரும் என்பதும், நேர்ந்தபின் நிதானமாகப் பேச வேண்டும் என்பதும் விமானிக்குரிய பாடங்களே.

சவூதி அரேபியாவின் தகரான் நகரில் நடந்ததுதான் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. விமானம் இறங்கியதும் கூட்டம் கூடிவிட்டது. பாவாடையும் மேற்சட்டையும் அணிந்த ஒரு பெண்மணி இறங்கி வந்தார். கூட்டத்திலிருந்த ஒருவர் விமானத்துக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் தொட்டிகள்தாம் இருந்தன. ஆண் எவரும் இல்லை என்று அவர் சொல்லவும் கூட்டமே ஆரவாரம் செய்து மகிழ்ந்தது. அந்நாட்டில் அப்போது பெண்கள் கார் ஓட்டவும் முடியாது. 2018 ஜூன் மாதத்தில்தான் அத்தடை நீங்கியது.

நாம் அவரைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. நம் வீடுகளில் யாரும் விமானத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பக்கத்து ஊருக்கு வினாடி வினாப் போட்டிக்குப் போக வேண்டுமா? “துணைக்கு யார்?” நூலகத்துக்கா? “துணைக்கு யார்?” வெளியூர்க் கல்லூரியில் சேர விண்ணப்பமா? “துணைக்கு யார்?” இக்கேள்வி அன்பினால் எழுவது என்பதை நாங்கள் நன்கு அறிவோம். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஆயினும் இக்கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தால் விடையும் ஒன்றாகவே இருக்கும்: அண்ணன், அப்பா, மாமா. பெண் தானே தனக்குத் துணையாக வளர்வது எப்போது?

ஜெரி மாக் கராச்சி, தில்லி, கல்கத்தா, பாங்காக் வழியாகப் பறந்து, பசிபிக் கடலையும் கடந்து, 1964 ஏப்ரல் 17-ஆம் நாள் இரவு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். 29 நாள், 11 மணி, 59 நிமிடம். தூரம் சுமார் 37,000 கிலோமீட்டர். உலகைத் தனியே பறந்து சுற்றிய முதற்பெண் என்ற பெருமை அந்த இல்லத்தரசிக்குக் கிடைத்தது. முந்திப் புறப்பட்டவர் மே 12-ஆம் நாள்தான் தம் பயணத்தை முடித்தார். அவர் எடுத்துக்கொண்டது பூமத்திய ரேகையை ஒட்டிய நீண்ட வழி. அதையும் குறைவாக எண்ணிவிடக் கூடாது. ஜெரி மாக் தம் 88-ஆம் வயதில், 2014 செப்டம்பர் 30-இல் காலமானார். அவருடைய சிறு விமானத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பாதுகாத்து வருகிறது.

அவருக்கும் முன்னோடியாக ஏமி ஜான்சன் என்னும் ஆங்கிலப் பெண்ணைச் சொல்ல வேண்டும். இலண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர். விமானம் ஓட்டக் கற்றதோடு நின்றுவிடாமல், என்ஜினைப் பிரித்துப் பூட்டும் பொறிஞர் உரிமத்தையும் 1929-இல் பெற்றார். 1930 மே 5-ஆம் நாள், மேலே கூரையில்லாத ஜிப்சி மாத் விமானத்தில் தனியே புறப்பட்டு, கராச்சி, ஜான்சி, அலகாபாத், கல்கத்தா, இரங்கூன் வழியாக மே 24-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். பகலெல்லாம் பறந்துவிட்டு, இறங்கிய ஊரில் தம் கையாலேயே என்ஜினைச் சரிபார்த்தார். இரங்கூனுக்கு அருகே இறங்கும்போது விமானம் பள்ளத்தில் பாய்ந்து இறக்கை கிழிந்தது. அங்கிருந்த தொழிற்பயிற்சிக் கூடத்தார் உதவிக்கு வந்தனர். பழைய விமானத் துணியில் தைத்திருந்த சட்டைகளைப் பிரித்து, அத்துணியாலேயே இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்களாம்! ஊசியும் நூலும் நாம் அறியாதவையா?

ஏமியின் கதையில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த விமானம் வாங்கப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அவருடைய தந்தை. மீன் வணிகம் செய்தவர். மகளின் விருப்பத்தை விளையாட்டு என்று தள்ளிவிடாமல், அவள் உரிமம் பெற்றவள், என்ஜின் அறிந்தவள் என்று பார்த்துத் துணை நின்றார். கூடவே பறப்பது ஒன்றுதான் துணையா? கற்கும் வரை தாங்கி, கற்றபின் நம்பி அனுப்புவதும் துணைதானே!

நம் நாட்டிலும் இவ்வழியில் வந்தவர்கள் இருக்கிறார்கள். சர்ளா தக்ரால் 1936-இல், 21 வயதில், புடவை உடுத்தியபடியே ஜிப்சி மாத் விமானத்தைத் தனியே ஓட்டினார். அப்போதே அவர் ஒரு குழந்தைக்குத் தாய். மும்பையைச் சேர்ந்த ஆரோகி பண்டிட் 2019 மே மாதத்தில், மிக இலகுவான ஒரு சிறு விமானத்தில், ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவை அடைந்து அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடந்தார்.

திருக்குறளில் 47 முதல் 50 வரையுள்ள நான்கு அதிகாரங்களின் தலைப்புகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்கென்று சொல்லப்பட்டவை இவை. எனினும் சிறு விமானத்தின் விமானிக்கு இதைவிடச் சுருக்கமான பாடத்திட்டம் யாரால் எழுத முடியும்? ஆராய்ந்து தொடங்கு, உன் விமானத்தின் வலிமையையும் பாரத்தையும் அறி, புறப்படும் வேளையை அறி, இறங்கும் இடத்தை அறி. இதில் ஆணுக்கு ஒரு பாடம், பெண்ணுக்கு ஒரு பாடம் என்று எங்கே இருக்கிறது?

எங்களுக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் நாங்கள் எண்ணிப் பார்த்தோம்.

ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சிறு விமானப் பயணம் பெரிய பயணி விமானத்தைப் போல் அத்துணைப் பாதுகாப்பானது அன்று. அமேலியாவைக் கடல் கொண்டது. ஏமி ஜான்சன் போர்க்காலப் பணியில் 1941 சனவரியில், மோசமான வானிலையில், தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் விழுந்து மறைந்தார். ஜோன் ஸ்மித் உலகைச் சுற்றி முடித்த மறு ஆண்டே, 1965-இல், விமான விபத்தில் இறந்தார். இவற்றை மறைத்துவிட்டுப் பேசினால் எங்கள் வாதம் நேர்மையற்றதாகிவிடும். ஆனால் ஆபத்து என்பது பெண் என்று பார்த்து வருவதன்று. எதிர்க்காற்றுக்கு ஆணும் பெண்ணும் ஒன்றே. ஆபத்துக்கு மருந்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதன்று, கற்பிப்பதே. நல்ல ஆசிரியர் மாணவ விமானிக்கு வற்புறுத்திச் சொல்லும் பாடம் எப்படி முன்னேறுவது என்பது மட்டுமன்று. எப்போது திரும்ப வேண்டும் என்பதுந்தான். மேகம் கறுத்து வந்தால், அரை வட்டமடித்துத் திரும்பி வருவதில் வெட்கமே இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதையே. ஆழம் பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்றுதான் நாங்கள் கேட்கிறோம். ஆற்றுப் பக்கமே போகாதே என்று சொல்லாதீர்கள்.

பணம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், பல இலட்சம் வேண்டும். எங்களுள் பெரும்பாலோர் வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. விமானம் வாங்கித் தாருங்கள் என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. எங்களுள் ஒருத்தியேனும் விமானியாவாளா என்பதும் தெரியாது. ஆனால் நம் நாட்டில் விமானத்தைத் தொழிலாக ஓட்டும் உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வந்துள்ளன. பொறியியலுக்கும் இன்னும் பல துறைகளுக்கும் அவையே வாசல். அந்த வாசல் எங்களுக்குத் திறப்பதோ மூடுவதோ இன்னும் சில மாதங்களில், பதினோராம் வகுப்பில் பிரிவு கேட்டு விண்ணப்பம் நிரப்பும்போதுதான். “கணக்கு உனக்கு எதற்கு? சுலபமான பிரிவை எடு. எப்படியும் கட்டிக்கொடுக்கப் போகிறோம்” என்று எத்தனை வீடுகளில் சொல்லப்படுகிறது! தம்பிக்குச் சொல்லாத இச்சொல் அக்காளுக்கு மட்டும் ஏன்? கலை, வணிகப் பிரிவுகள் தாழ்ந்தவை என்று நாங்கள் சொல்லவில்லை. விரும்பி எடுத்தால் எல்லாம் உயர்ந்தவையே. விரும்பியதை எடுக்க விடாமல் செய்வதையே குறை சொல்கிறோம்.

எங்கள் தோழியருக்கும் ஒரு சொல் உண்டு. உரிமை கேட்பது எளிது. வரைபடம் விரித்துக் கணக்குப் போடுவது கடினம். பேருந்து நேரம் தெரியாமல், பையில் சில்லறை இல்லாமல், வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிட்டு, “என்னை நம்பவில்லை” என்று அழுவதில் பொருளில்லை. எங்கே போகிறோம், எவ்வழியே போகிறோம், எப்போது சேர்வோம் என்று விமானி புறப்படும் முன் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். குறித்த நேரத்தில் வந்து சேராவிட்டால் தேடுவதற்கு அதுவே ஆதாரம். விடுதலை என்பது யாருக்கும் சொல்லாமல் போவதன்று. சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வந்து சேர்வதே விடுதலைக்குத் தகுதி. அத்தகுதியை நாம் சிறு சிறு பயணங்களில் சம்பாதித்துக்கொள்வோம்: முதலில் நூலகம், பிறகு பக்கத்து ஊர், பிறகு வெளியூர்க் கல்லூரி. விமானியும் முதல் நாளே கடலைக் கடப்பதில்லை.

விமானிகளின் பாதுகாவலியாக லொரேட்டோ அன்னையைத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1920-இல் அறிவித்தார். வானில் செல்வோருக்கு ஒரு பெண்ணையே காவலாக வைத்த திருச்சபையின் பள்ளியில் படிக்கும் நாங்கள், வானம் பெண்ணுக்கு அந்நியம் என்று எப்படி ஒப்புக்கொள்வோம்?

ஆகவே அன்புள்ள பெற்றோரே, எங்களைத் தடுக்க வேண்டிய இடத்தில் கட்டாயம் தடுங்கள். வானிலை மோசமானால் விமானியையும் தடுக்கிறார்கள் அல்லவா? ஆனால் கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். “துணைக்கு யார்?” என்று கேட்பதற்கு முன், “போகும் வழி தெரியுமா? கையிருப்பு எவ்வளவு? வழியில் தடை வந்தால் என்ன செய்வாய்? எப்போது திரும்பி வருவாய்?” என்று கேளுங்கள். இவற்றுக்குச் சரியான விடை சொல்லும் மகளை நம்பி அனுப்புங்கள். விடை தெரியாவிட்டால், உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். துணிவில் பாதி எங்களிடம் இருக்கிறது. மறுபாதியான கணக்கைக் கற்க எங்களுக்கு இடம் கொடுங்கள்.